நானூத்திப் பன்னெண்டு

முன் சீட்டுலயே உக்காந்துக்கறேங்க. பின்னாடி தனியா உக்காந்தா பேச்சு வராது, பேச்சு வரலன்னா தூக்கம் வந்துடும். இன்னிக்குத் தூங்கப்படாது. பன்னெண்டு மணிக்குள்ள நாம ஃபேக்டரியில இருக்கணும். பன்னெண்டுக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும். இன்னிக்குப் புதன்கிழமை பாருங்க. பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்க. அதுக்கு முன்னாடி புது வெசலுக்குப் பூஜையப் போட்டு முதல் பேட்ச்ச ஆரம்பிச்சாகணும். நான் போயி நின்னாத்தான் ஆரம்பிப்பாங்க. பின் சீட்டுல பூசணிக்காய் உருளுதே, அதுவும் அதுக்குத்தானே? பெல்ட்டு போட்டு வைங்க அதுக்கு. என்னைவிட அது முக்கியமான ஆளு இன்னிக்கு.

உங்க பேரு? ஏழுமலை. நல்ல பேரு. கம்பெனி வண்டியா, வாடகை வண்டியா? அப்படியா, ஆறு வருஷமா இந்தக் கம்பெனிக்கே ஓட்டுறீங்களா? வீட்டம்மாவுக்கும் அங்கதான் வேலையா! எந்த செக்‌ஷன்? பேக்கிங்கா. பேரு? அஞ்சலாட்சி. இன்னிக்கு ஷிப்ட்ல இருக்காங்களா? சரி சரி. பேக்கிங் ஷெட்டு எனக்குத் தெரியும். நம்ம வெசல் நிக்கிற கட்டடத்துக்கு ஒட்டுன மாதிரி அடுத்த கட்டடம். நடுவுல ஒரே ஒரு சுவரு. மத்தியானத்துக்கு மேல நல்ல நெழலு கெடைக்கும் அங்க.

நான் யாருன்னு சொன்னாங்களா உங்ககிட்ட? பெரிய இன்ஜினியர் வர்றாரு, விழுப்புரம் ஸ்டேஷன்ல போயி கூட்டியான்னு சொன்னாங்க. அவ்வளவுதானா? பாருங்க, அதான் நம்ம ஆளுங்க. என்ன இன்ஜினியர்னு சொல்லணுமில்ல. பாலம் கட்டுறவன்னு நெனச்சிருப்பீங்க. நான் சூட்டைக் கணக்குப் பண்றவன். சிரிக்காதீங்க. நெசமாத்தான். முப்பத்திரெண்டு வருஷம் அதான் தொழிலு.

உங்க ஃபேக்டரியில என்ன செய்யிறாங்க? பெயின்ட்டுக்குப் போடுற பிசின். அந்தப் பிசின ஒரு பெரிய பாத்திரத்துல காய்ச்சணும். அந்தப் பாத்திரந்தான் வெசலு. அதுல ஒரு விசேஷம் என்னன்னா, ஆரம்பிச்சு விட்டாப் போதும், அடுப்பே தேவையில்ல. உள்ள எறங்குற சரக்கு ஒண்ணோட ஒண்ணு சேரும்போது அதுவே சூட்டைக் கெளப்பிக்கும். அப்ப நம்ம வேலை சூடேத்துறது இல்ல, சூட்டை வெளிய எடுக்கிறது. அதுக்காக வெசலைச் சுத்தி இன்னொரு சுவரு வச்சு, ரெண்டு சுவருக்கும் நடுவுல தண்ணி ஓட விடுவோம். அதுக்கு ஜாக்கெட்டுன்னு பேரு. உள்ள பிசினு, நடுவுல இரும்புச் சுவரு, அந்தாண்ட தண்ணி. இப்ப பிசின்ல இருக்கிற சூடு எவ்வளவு சீக்கிரமா அந்தச் சுவத்துக்கு வந்து சேரும்? அதுக்கு ஒரு நம்பரு உண்டு. ஹெச்சுன்னு சொல்லுவோம். அந்த நம்பரு பெருசா இருந்தா சூடு ஓடி வரும். சின்னதா இருந்தா நகந்து நகந்து வரும். அவ்வளவுதாங்க என் தொழிலே. அந்த ஒரு நம்பரு.

அளந்து பார்த்துடலாமேன்னு தோணும். எங்க அளக்கிறது? வெசலு இன்னும் கட்டவே இல்லையே! கட்டுறதுக்கு நம்பரு வேணும், நம்பருக்கு வெசலு வேணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்ங்கற கதை. அதனால என்ன பண்ணுவோம்னா, எப்பவோ எவனோ ஒருத்தன் சின்னச் சின்னப் பாத்திரத்துல தண்ணி, எண்ணெய், சர்க்கரைப் பாகுன்னு ஊத்தி, கலக்கி, அளந்து பார்த்திருப்பான். அளந்ததையெல்லாம் ஒரு தாள்ல புள்ளி புள்ளியா வச்சிருப்பான். புள்ளியெல்லாம் செதறித்தான் கெடக்கும். நடுவுல ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டுக்கு ஒரு ஃபார்முலா எழுதிடுவான். கலக்கி எவ்வளவு வேகத்துல சுத்துது, பாத்திரம் எவ்வளவு அகலம், சரக்கு எவ்வளவு கெட்டின்னு போட்டா, ஹெச்சு வந்துடும். நூத்துக்கு இருபத்தஞ்சு முன்னப் பின்ன இருக்கும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லணும்னா, இந்த வண்டி வாங்கும்போது லிட்டருக்கு இருபத்திரெண்டுன்னு சொன்னான் இல்ல? உங்க ரோட்டுல ஓட்டிப் பார்த்தா சொன்னான்? எங்கயோ ஒரு ரோட்டுல ஓட்டி, கோடு இழுத்துச் சொன்னான். அதே மாதிரிதான்.

என்ன சொல்றீங்க? மலை ஏறும்போது அந்த மைலேஜ் வராதே சாரா?

அட. கெட்டிக்காரருங்க நீங்க. தாமரைச்செல்வியும் இதையேதான் கேட்டா.

தாமரைச்செல்வி யாருன்னா, பழைய கம்பெனியில எனக்குக் கீழ இருந்த பொண்ணு. கம்பெனி பேரு வேணாம், ராணிப்பேட்டைக்கு அந்தாண்டன்னு வச்சுக்குங்க. ஏழு வருஷத்துக்கு முந்தி அங்க ஒரு பிசின் வெசலுக்கு நான்தான் கணக்குப் போட்டேன். இப்ப உங்க ஃபேக்டரியில நிக்கிறதுக்கு அது அண்ணன்னு சொல்லலாம். இல்ல, தம்பி. சின்னது. ஃபார்முலாவுல போட்டேன், நானூத்திப் பன்னெண்டுன்னு வந்துது. அழகான நம்பரு. அதை வச்சுப் பார்த்தா பேட்ச்சு ஆறு மணி நேரத்துல முடியும். மேனேஜ்மென்ட்டுக்கு ஒரே சந்தோஷம்.

இந்தப் பொண்ணு ஒரு நாள் மத்தியானம் தாளை எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறா. "சார், நீங்க ஆரம்பத்துல சரக்கு தண்ணியா இருக்கும்போது உள்ள கெட்டித்தனத்தைப் போட்டிருக்கீங்க. கடைசியில அது தேன் மாதிரி ஆயிடுதே. அதைப் போட்டா அறுபத்தெட்டுதான் சார் வருது"ங்கறா. நானூத்திப் பன்னெண்டு எங்க, அறுபத்தெட்டு எங்க! நான் சிரிச்சிட்டேன். "ஏம்மா, இந்த ஃபார்முலா எது வரைக்கும் செல்லும்னு புத்தகத்துல கீழ போட்டிருக்கே, பார்த்தியா? அவ்வளவு கெட்டியான சரக்குக்கு இது செல்லாது. செல்லாத எடத்துல ஃபார்முலாவைப் போட்டு வந்த விடை விடையே இல்ல. என் விடை எல்லைக்குள்ள இருக்கு. உன் விடை எல்லைக்கு வெளிய இருக்கு"ன்னேன். அவ தாளை மடிச்சுக்கிட்டே, "சரக்குதானே சார் எல்லைக்கு வெளிய போகுது"ன்னா.

வாதம் பண்ண நல்லா வரும் அதுக்கு. அடுத்த வருஷமே வேலையை விட்டுட்டுப் போயிடுச்சு. பாவம், எங்கயோ காலேஜ்ல பாடம் நடத்துதாம்.

நான் தப்பா எதுவும் சொல்லல, கவனிங்க. புத்தகத்துல இருந்ததைத்தான் சொன்னேன்.

வெசலு வந்துது, நிறுத்தினோம். கார்த்திகை மாசம், நல்ல அடை மழை. முதல் பேட்ச்சு ஆரம்பிச்சோம். வெண்ணெய்ல கத்தி எறங்குன மாதிரி போச்சுங்க. சூடு எண்பத்தஞ்சுல நிக்கணும், நின்னுது. அசையல. அன்னிக்கே எனக்கு சால்வை போட்டாங்க. மார்கழி, தை, மாசி, நாப்பத்திமூணு பேட்ச்சு. ஒண்ணு கெடல. எவன் கேட்டாலும் நான் ஒண்ணுதான் சொல்லுவேன். நாப்பத்திமூணு பேட்ச்சு ஒழுங்கா வந்ததுக்கப்புறம் நம்பரு தப்புன்னு எவன் சொல்ல முடியும்?

ஒரே ஒரு தொந்தரவு. லூர்துசாமி.

ஆபரேட்டரு. நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு வயசிருக்கும். எட்டாவதோ ஒம்பதாவதோ. நல்ல மனுஷன், அதுல சந்தேகமே இல்ல, ஆனா ஒரு பழக்கம். மீட்டரை நம்ப மாட்டாரு. ஜாக்கெட்டுலேருந்து தண்ணி வெளிய வர்ற பைப்பு இருக்கும் பாருங்க, அதைக் கையால தொட்டுத் தொட்டுப் பார்ப்பாரு. அரை மணிக்கு ஒரு தரம். ஜுரம் அடிக்கிற கொழந்தையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. ஒரு நாள் என்கிட்ட வந்து, "சார், வெளிய வர்ற தண்ணி ஜில்லுனே இருக்கு சார்"ன்னாரு. ஜில்லுனு இருந்தா நல்லதுதானேய்யான்னேன். "இல்ல சார், மொத மூணு மணி நேரம் வெதுவெதுன்னு வருது. அப்புறம் உள்ள சூடு ஏறப் பார்க்குது, வெளிய பைப்பு ஜில்லுனு ஆயிடுது. அப்ப உள்ள இருக்கிற சூடு எங்க சார் போவுது?"

ரெண்டு டிகிரி வித்தியாசமெல்லாம் கைக்குத் தெரியாதுய்யா, நெறைய தண்ணி ஓடுது, அப்படித்தான் இருக்கும்னேன். அவரு விடல. "சார், கூழு கிண்டறப்போ நடுவுல கொதிக்கும், சட்டி ஓரத்துல ஆறி ஏடு கட்டிக்கும் இல்ல? அந்த ஏடு சூட்டை வெளிய வுடாது சார். இதுலயும் சுவத்து ஓரமா ஏடு கட்டுது"ன்னாரு.

படிக்காத மனுஷன் பாருங்க. எங்க ஃபார்முலாவுலயே அதுக்குன்னு கடைசியில ஒரு சின்ன வாலு உண்டு. சுவத்து ஓரத்துக் கெட்டிக்கும் நடுவுல இருக்கிற கெட்டிக்கும் என்ன வித்தியாசம்னு போடணும். ஆனா அதை யாரும் போட மாட்டாங்க. ஒண்ணுன்னு போட்டுட்டுப் போயிடுவோம். நான் மட்டுமில்லீங்க, எல்லாரும் அப்படித்தான். சுவத்து ஓரத்துல எவ்வளவு கெட்டின்னு யாரு உள்ள போயி பார்த்தா? நாப்பது மடங்கு வித்தியாசம் இருந்தாக்கூட நூத்துக்கு நாப்பதுதான் கொறையும். அதுக்காகப் போயி.

நான் அவருகிட்ட அதெல்லாம் சொல்லல. வேலையப் பாருங்கன்னேன்.

அவரு வேலையப் பார்த்தாரு, ஆனா எப்படிப் பார்த்தாரு தெரியுமா? ஆறு மணி நேரத்துல முடிய வேண்டிய பேட்ச்ச ஒம்பது மணி நேரம் ஓட்டியிருக்காரு. மேல இருக்கிற தொட்டியிலேருந்து சரக்கு வெசலுக்குள்ள எறங்கும், அதுக்கு ஒரு வால்வு. மூணு மணி நேரம் ஆனதும் யாருகிட்டயும் கேக்காம அந்த வால்வைப் பாதி மூடிடுவாரு. சரக்கு கம்மியா எறங்குனா சூடு கம்மியா வரும், சமாளிச்சுக்கலாம்னு. நாப்பத்திமூணு பேட்ச்சும் அப்படித்தான். ஷிப்ட்டுக் குறிப்பு எழுதுற லாக்கு புக்குல வேற எழுதி வச்சிருக்காரு, 'பைப் ஜில்லுனு இருக்கு, வால்வு பாதி.' நாப்பத்திமூணு தரம். அதை எவன் படிச்சான்? பங்குனியில புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து, ஏன் ஒம்பது மணி நேரம் ஆகுதுன்னு என்னைக் கேட்டப்போதான் நானே எடுத்துப் பார்த்தேன்.

எனக்கு எவ்வளவு கோவம் வந்திருக்கும் சொல்லுங்க. என் வெசலு மெதுவான வெசலுன்னு ஊரெல்லாம் பேரு! என் நம்பருக்கு இவரு போட்ட கெட்ட பேரு!

ஏழுமலை, ஏசியக் கொஞ்சம் கூட்டி வைங்க. கத்திரி முடிஞ்சும் வெயிலு பாருங்க எப்படிக் கொளுத்துதுன்னு. உங்க மேனேஜர் பாலகுரு இருக்காரே, அக்னி நட்சத்திரத்துல புது வெசலைத் தொடக்கூடாது, தோஷம்னு பதினஞ்சு நாள் நிறுத்தி வச்சாரு. நேத்தோட கத்திரி முடிஞ்சுது, இன்னிக்கு ஆரம்பம். பஞ்சாங்கத்துல முடிஞ்சுது, ஜாக்கெட்டுக்குத் தண்ணிய ஆற வச்சு அனுப்புற டவர்ல தண்ணி இன்னும் முப்பத்திநாலு டிகிரி. அதுக்கு யாரு என்ன பண்றது.

எங்க விட்டேன்? ஆங். சித்திரை மாசம், வெள்ளிக்கிழமை. காலையில ஒம்பதரைக்கு ஆரம்பிச்ச பேட்ச்சு, அவரு வால்வை மூடுற நேரம் பார்த்து மத்தியானம் பன்னெண்டரைக்கு நானே போயி பிளாட்ஃபார்ம் மேல நின்னேன். "லூர்துசாமி, இன்னிக்கு நான் இருக்கேன், வால்வை மூடக்கூடாது. முழுசா தெறந்து ஓட்டுங்க. ஆறு மணி நேரத்துல முடியுதா இல்லையான்னு பார்த்துடுவோம்"னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "சார், மழைக் காலத்துல தண்ணி இருபத்துநாலு டிகிரி வந்துச்சு. இப்ப முப்பத்திமூணு. அப்பவே எனக்குத் திண்டாட்டம். வேணாம் சார்." கையெடுத்துக் கும்பிட்டாரு. அவ்வளவு பெரிய மனுஷன். எனக்கே சங்கடமாப் போச்சு. கும்பிட்டா கணக்கு மாறுமாங்க?

கும்பிட்ட கைய அவரு எறக்கல, நானே வால்வைத் தெறந்தேன். இது முக்கியம். அவரைச் செய்யச் சொல்லல, நானே தெறந்தேன். நம்பிக்கை இல்லாமலா தெறந்திருப்பேன்?

ரெண்டு மணி வரைக்கும் எண்பத்தஞ்சு. ரெண்டு பத்துக்குத் தொண்ணூத்திரெண்டு. வரட்டும்னேன். தொண்ணூத்தேழு. லூர்துசாமி பைப்பைத் தொட்டுட்டு என்னைப் பார்த்தாரு.  நான் வால்வை மூடுனேன், மூடாம இல்ல. ஆனா உள்ள ஏற்கெனவே எறங்குன சரக்கு இருக்குமில்ல, அது அதும்பாட்டுக்கு. நூத்திநாலு. அப்புறம் முள்ளு நகரலீங்க, குதிச்சுது. வெசலு ஒரு சத்தம் போட ஆரம்பிச்சுது. மாடு அடி வயித்துலேருந்து கத்துமே, அப்படி.

"நீங்க எறங்குங்க சார், எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்குங்க"ன்னு கத்துனாரு. நான் எறங்கினேன். நாங்க எட்டு பேரு எறங்கினோம். அவரு மேல ஏறுனாரு. மேல் தட்டுல அவசரத்துக்குத் தண்ணியக் கொட்டுறதுக்கு ஒரு வால்வு, அதைத் தெறக்க. தெறந்துட்டாரு. அதுக்குள்ள வெசலோட மூடிப் பக்கம் பிச்சுக்கிட்டுது. அவரு நின்ன பக்கமாத்தான்.

மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரு. அப்புறம் இல்ல.

எனக்கு வருத்தம் இல்லன்னு நெனைக்காதீங்க. சாப்பாடு எறங்கலீங்க எனக்கு. மாலை வாங்கிக்கிட்டு நானே போனேன். அவரு சம்சாரம் அழவே இல்ல. என்னைப் பார்த்து, "ஒம்பது மணி நேரம்னா வூட்டுக்கு வந்துருப்பாரு சார்"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு இன்னி வரைக்கும் யோசிக்கிறேன். துக்கத்துல மனுஷங்க என்னென்னமோ பேசுவாங்க.

விசாரணை நடந்துது. அதுதாங்க எனக்கு ஆறாத புண்ணு. ரிப்போர்ட்டு பதினாலு பக்கம். பதிமூணு பக்கம் ஒழுங்கா எழுதியிருந்தான். ஆபரேட்டர் மாசக்கணக்குல விதிமுறையை மீறி ஓட்டியிருக்காரு, அதனால சுவத்துல படிவு சேந்திருக்கலாம்னு. லாக்கு புக்குதான் ஆதாரம். நாப்பத்திமூணு எடத்துல அவரே கைப்பட எழுதி வச்சிருக்காரே, 'வால்வு பாதி'ன்னு! ஆனா பதினாலாவது பக்கத்துல கடைசியா ஒரே ஒரு வரி மட்டும். 'வடிவமைப்புக் கணக்கை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.' ஒரு வரி. என் பேரு கூட இல்ல. ஆனா படிக்கிறவனுக்குத் தெரியாதா? அப்பவே இருபத்தாறு வருஷ சர்வீஸு! ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கினேனா? கோபாலபுரம், அண்ணா நகர்னு ஒவ்வொரு டைரக்டர் வீட்டு வாசல்லயும் போயி நின்னேன். நாலு மாசம். கடைசியில அந்த வரியை எடுத்தாங்க. எடுத்துட்டாங்க, ஏழுமலை! இப்ப நீங்க அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தா பதிமூணு பக்கந்தான் இருக்கும்.

அந்த வரி இருந்திருந்தா உங்க கம்பெனி என்னைக் கூப்பிட்டிருக்குமா? சொல்லுங்க.

இப்ப உங்க வெசலு. அதைவிட எட்டு மடங்கு பெருசு. எனக்கே நெஞ்சு நெறையுது. அதே சரக்கு, அதே ஃபார்முலா. நானூத்திப் பன்னெண்டை அப்படியே போடல. அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல? பத்திரத்துக்குக் கொறச்சு, முன்னூத்தித் தொண்ணூறு போட்டிருக்கேன். வால்வுக்குப் பூட்டும் வச்சாச்சு, எந்த ஆபரேட்டரும் பாதியில மூட முடியாது. சாவி என் சட்டைப் பையில இருக்கு... இல்ல, ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு பாலகுருகிட்ட. லூர்துசாமி மாதிரி இன்னொருத்தர் வந்துடக் கூடாது பாருங்க.

என்னது? கண்ணாலத்து அண்டாவுல சோறு ஆறவே ஆறாதே சார், நடுவுல கைய வெக்க முடியாதேன்னா?

ஆமாங்க. நீங்க சொல்றது சரிதான். எட்டு மடங்கு சரக்கு, சுவரு நாலு மடங்குதான். அதுக்காக உள்ள பாம்பு மாதிரி ஒரு குழாயைச் சுத்தி விட்டிருக்கேன், அதுலயும் தண்ணி ஓடும். அதுக்கும் கணக்குப் போட்டாச்சு. அதே ஃபார்முலாதான். வேற எதைப் போடுறது? இருக்கிறது அதுதானே.

ஏன் நிறுத்துறீங்க? டயரா? இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே இருக்கு, அதோ புகைக்குழா கூடத் தெரியுது. ஃபோன் பண்ணணுமா, பண்ணுங்க பண்ணுங்க. ஓட்டிக்கிட்டே பேசாதவரைக்கும் நல்லது.

எடுக்கலையா? யாரு, வீட்டம்மாவா? எடுக்க மாட்டாங்க. உள்ள ஃபோன் கொண்டு போகக்கூடாது. கேட்டுலயே வாங்கி டப்பாவுல போட்டுடுவாங்க. போன மாசம் நான்தான் அந்த ரூலைப் போடச் சொன்னேன். சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு பேசிக்கலாமே. தலைய ஏன் ஸ்டியரிங் மேல சாய்ச்சுட்டீங்க? சுகர் இருக்கா? சாக்லேட்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?

சாவிய ஏன் எடுக்கறீங்க? ஏசி நின்னுடுச்சு பாருங்க.

போக மாட்டீங்களா? என்ன ஏழுமலை இது. மணி பதினொண்ணு நாப்பது. நான் போயி நின்னாத்தான் ஆரம்பிப்பாங்க, வந்த வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வர்றேன். அதுக்காகத்தான் நிறுத்தியிருக்கீங்களா? நான் போகாட்டி ஆரம்பிக்க மாட்டாங்கன்னா?

சொல்லிக் கெடுத்துக்கிட்டேனா நான். தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நான் அந்தச் சம்பவத்தை ஏன் சொன்னேன்? ஒரு ஆபரேட்டரு சொன்ன பேச்சு கேக்கலன்னா என்ன ஆகும்னு சொல்ல வந்தேன். நீங்க வேற எதையோ புடிச்சுக்கிட்டீங்க. கும்பிடாதீங்க. எதுக்கு இப்பக் கும்பிடறீங்க? உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. நடுவுல சுவரு இருக்குன்னு சொன்னேன் இல்ல?

இருங்க, என் ஃபோன் அடிக்குது. பாலகுருதான்.

சொல்லுங்க பாலகுரு. ஆமா, பக்கத்துல வந்துட்டோம், வண்டியில சின்னத் தகராறு. பூசணிக்காயா? எங்ககிட்ட இருக்கு. ஐயர் அவசரப்படுறாரா. ராகு காலம் வந்துடுமே, ஆமாமா. தேங்காய் ஒடச்சுடுங்க, அது போதும். எனக்காகக் காத்திருக்க வேணாம். உங்ககிட்ட சாவி இருக்கில்ல? பூட்டைத் தெறந்து வால்வை முழுசா விட்டுடுங்க. முழுசா. முன்னூத்தித் தொண்ணூறுக்கு ஒரு கொறையும் இல்ல, தைரியமா ஆரம்பிங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.

பார்த்தீங்களா ஏழுமலை, ஒரு ஃபோன்ல முடிஞ்சுது. நீங்க வண்டிய நிறுத்தினா ஃபேக்டரி நின்னுடுமா? மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன், பாலகுருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

ஆங், அப்படி வாங்க வழிக்கு. சாவியப் போட்டீங்களே, சமத்து.

மெதுவா, மெதுவா. ஏங்க, ஸ்பீடு பிரேக்கருங்க! எதுக்கு இவ்வளவு ஹாரன்? கேட்டைத் தெறக்கத்தானே போறான். பேக்கிங் ஷெட்டுப் பக்கமா திருப்பறீங்க, பூஜை இந்தாண்டல்ல நடக்குது. ஏழுமலை, சொல்றதைக் கேளுங்க. ஆரம்பிச்ச உடனே ஒண்ணும் ஆகிடாது. நெதானமாவே போய் வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. சரக்கு கெட்டியாக இன்னும் ரெண்டு மணி நேரமாவது ஆகும்.